ஐசியுவில் மருந்து கேட்காத கிருமி: எங்கிருந்து வருகிறது, எப்படி ஆள் மாறுகிறது

"ஏன் அம்மிணி, மாமாவுக்கு மருந்து பழகிப்போச்சுன்னு சொல்றாங்களே, அப்படின்னா என்ன?"

அத்தை இதைக் கேட்டபோது இரவு 9 மணி இருக்கும். ஐசியு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். நிமோனியா என்று மாமாவைச் சேர்த்து 11 நாள் ஆகியிருந்தது. முதல் வாரத்தில் காய்ச்சல் இறங்கி, வெண்டிலேட்டரை எடுத்துவிடலாம் என்று பேச்சு வந்த நேரத்தில் மறுபடியும் குளிரும் காய்ச்சலும். ரத்தத்தில் கிருமி. போட்டுக்கொண்டிருந்த ஊசி எதுவும் கேட்கவில்லை.

எனக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரியும். கோயம்புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியின் நுண்ணுயிரியல் லேபில் டெக்னீஷியனாக வேலை பார்க்கிறேன். ஊர் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். ரேஷன் கார்டு கேரளம், வீட்டுப் பேச்சு தமிழ், வேலைக்குத் தினமும் வேலந்தாவளம் வழியாகப் பஸ். எங்கள் பக்கத்தில் ஒருவருக்கு ரொம்ப முடியாமல் போனால் பாலக்காட்டுக்கும் கொண்டுபோவார்கள், திருச்சூர் மெடிக்கல் காலேஜுக்கும் கொண்டுபோவார்கள், கோயம்புத்தூருக்கும் வருவார்கள். மாமாவைச் சேர்த்திருந்தது என் ஆஸ்பத்திரியில் இல்லை, வேறோர் இடம். ஆனால் அந்த ரிப்போர்ட்டில் இருந்த கிருமி எனக்கு நன்றாகப் பழக்கம். கிளெப்சியெல்லா. அன்று இரவு நான் அத்தையிடம் சொன்னது அரைகுறை. அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டு முழுசாகச் சொல்ல முடியவில்லை. சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த 'பழகிப்போச்சு'. மருந்து பழகியது மாமாவின் உடம்புக்கு என்றுதான் அத்தை நினைத்தார். நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். பழகியது கிருமிக்கு. வாழ்நாளில் ஒரு ஆன்டிபயாட்டிக் மாத்திரைகூடச் சாப்பிடாத ஒருவருக்கும் மருந்து கேட்காத கிருமி வரலாம். ஏனென்றால் அந்தக் கிருமி வேறெங்கோ, வேறு யாரிடமோ பழகிவிட்டு அவரிடம் வந்து சேர்கிறது. இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் பிடிபடும்.

அத்தைக்குத் தோப்போடு கொஞ்சம் நெல்வயலும் உண்டு. அதனால் நெல்லைத் தாக்கும் புகையான் பூச்சியில் ஆரம்பித்தேன். போகத்துக்குப் போகம் ஒரே மருந்தை அடித்தால் சில வருஷத்தில் அந்த மருந்து கேட்காது என்று அவருக்கே தெரியும். வயல் முழுக்க இருக்கும் பூச்சியில் எங்கோ ஒன்று இரண்டு, பிறவியிலேயே அந்த மருந்தைத் தாங்குகிற மாதிரி இருக்கும். மருந்தடித்ததும் மற்றவை செத்துப்போகும். அந்த ஒன்று இரண்டு மிஞ்சும். போட்டிக்கு ஆளில்லாத வயலில் அவை பெருகும். அடுத்த போகத்தில் வயல் முழுக்க அவற்றின் வாரிசு. பூச்சி எதையும் கற்றுக்கொள்ளவில்லை. நாம்தான் சலித்துச் சலித்துத் தாங்கக்கூடியதை மட்டும் விட்டுவைத்தோம்.

பாக்டீரியாவில் இதே கதை, வேகம் மட்டும் வேறு. சூடும் சத்தும் வாகாகக் கிடைத்தால் ஈ.கோலை மாதிரியான பாக்டீரியா 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். சாயங்காலம் ஒன்றே ஒன்று இருந்தால் 10 மணி நேரத்தில் 30 தடவை இரட்டித்து 107 கோடி ஆகிவிடும். அத்தனை நகல் எடுக்கும்போது அங்கங்கே எழுத்துப்பிழை வராமல் இருக்குமா? அந்தப் பிழைகளில் ஏதோ ஒன்று மருந்தைத் தாங்க உதவினால் போதும்.

தாங்குவது என்றால் எப்படி? சில பாக்டீரியா மருந்தையே அறுத்துப்போடும் நொதியைச் செய்கின்றன. சில, உள்ளே வந்த மருந்தைப் பம்பு வைத்து இறைப்பதுபோல வெளியே தள்ளுகின்றன. சில, மருந்து நுழையும் வாசலை அடைத்துக்கொள்கின்றன. இன்னும் சில, மருந்து போய் ஒட்டவேண்டிய இடத்தின் உருவத்தை மாற்றிக்கொள்கின்றன. ஒரே கிருமி இதில் இரண்டு மூன்றைச் சேர்த்துச் செய்வதும் உண்டு. இதெல்லாம் புதுசும் இல்லை. 1928இல் பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945இல் நோபல் பரிசு உரையிலேயே, அளவு குறைவாகச் சாப்பிட்டால் கிருமி தாங்கப் பழகிவிடும் என்று எச்சரித்தார். அதற்கும் முன்னால் 1940இலேயே, பென்சிலினை உடைக்கும் நொதி பாக்டீரியாவில் இருப்பதை ஆபிரகாம், செயின் என்ற இருவர் கண்டு எழுதியிருந்தார்கள். மருந்து கடைக்கு வரும் முன்பே பூட்டை உடைக்கும் சாவி இருந்திருக்கிறது.

புகையானால் செய்ய முடியாத ஒன்றையும் பாக்டீரியா செய்யும். தாங்கும் வித்தையைப் பிள்ளைகளுக்கு மட்டுமில்லை, பக்கத்தில் இருக்கும் வேறு சாதிப் பாக்டீரியாவுக்கும் கொடுக்கும். பிளாஸ்மிட் என்று ஒரு சின்ன டி.என்.ஏ. வளையம். விதைநெல்லைக் கைமாற்றாகக் கொடுப்பதுபோல ஒன்று அதை நகலெடுத்து மற்றொன்றுக்குக் கொடுத்துவிடும். நம் குடலில் சாதுவாகக் கிடக்கும் ஒரு ஈ.கோலை, பக்கத்தில் இருக்கும் கிளெப்சியெல்லாவுக்கு இப்படிக் கொடுக்கலாம். ஒரே வளையத்தில் நாலைந்து மருந்துக்கான வித்தை சேர்ந்தே இருக்கும் என்பதுதான் பயம்.

இதற்கு உலகம் முழுக்கத் தெரிந்த உதாரணம் நம் நாட்டோடு சம்பந்தப்பட்டது. டெல்லியில் சிகிச்சை பெற்று ஸ்வீடன் திரும்பிய இந்திய வம்சாவளி நோயாளி ஒருவரிடம், 2008இல் ஒரு கிளெப்சியெல்லாவைக் கண்டார்கள். கார்பபெனம் என்ற மருந்து வகையை அது உடைத்தது. ஐசியுவில் 'மெரோ' என்று சொல்லிக் கேட்டிருப்பீர்களே, மெரோபெனம், அது இந்த வகைதான். மற்றவை கேட்காதபோது கையில் எடுக்கும் மருந்து. அதையே உடைக்கும் அந்தப் புது நொதிக்கு என்.டி.எம்-1 என்று பெயர் வைத்தார்கள்; 'என்.டி.' என்பது நியூ டெல்லி. 2010இல் இந்தியா, பாகிஸ்தான், பிரிட்டன் மாதிரிகளை வைத்து இது எவ்வளவு பரவியிருக்கிறது என்று ஒரு கட்டுரை வந்தது. அதன் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. நம் தலைநகர் பெயரைக் கிருமிக்கு வைப்பதா என்று அப்போது பெரிய சண்டை. அந்த வருத்தம் நியாயம்தான் என்று நானும் நினைக்கிறேன். ஆனால் பெயர்ச் சண்டையில் விஷயம் பின்னால் போய்விட்டது. 2012இல் மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி, இனி என்ன செய்வது என்று ஒரு திட்டம் வகுத்தன. 'சென்னைப் பிரகடனம்' என்று அதைச் சொல்வார்கள்.

சரி, லேபில் இது எப்படித் தெரிகிறது? இதை நான் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியே காத்திருக்கும் குடும்பத்துக்கு 'கல்ச்சர் ரிப்போர்ட் இன்னும் வரலை' என்ற பதில் மட்டும்தான் கிடைக்கிறது.

நோயாளியின் ரத்தம் ஒரு பாட்டிலில் வரும். உள்ளே கிருமிக்கான கஞ்சி இருக்கும். அதை 37 டிகிரிக்குப் பக்கத்துச் சூட்டில் வைக்கும் மெஷினில் சொருகுவோம். உள்ளே ஏதாவது வளர்ந்தால் மெஷின் கூவும். பெரும்பாலும் ஒரு நாளுக்குள் கூவிவிடும், சிலசமயம் இரண்டு நாளும் ஆகும். கூவியதும் ஒரு சொட்டை எடுத்துச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பேன். கிளெப்சியெல்லாவாக இருந்தால் ரோஸ் நிறத்தில் குட்டையான குச்சிகள். அந்த நிமிஷமே ஐசியுவுக்குப் போன் செய்துவிடுவோம். அப்புறம் தட்டில் தடவி வைத்தால் மறுநாள் காலையில் கொழகொழவென்று ரோஸ் நிறச் சொட்டுகளாக வளர்ந்திருக்கும். கம்பியால் தொட்டு இழுத்தால் பாகு மாதிரி வரும்.

அடுத்ததுதான் முக்கியம். வளர்ந்த கிருமியைக் கரைத்து வேறொரு தட்டு முழுக்க ஒரே சீராகப் பூசிவிட்டு, மேலே பொட்டு மாதிரியான காகிதத் துண்டுகளை வைப்போம். ஒவ்வொரு பொட்டிலும் ஒரு மருந்து. மறுநாள் மருந்து கேட்டிருந்தால் பொட்டைச் சுற்றிக் கிருமி வளராமல் வட்டமாகத் தெளிந்திருக்கும், கோலத்தில் புள்ளியைச் சுற்றிய இடம் மாதிரி. அந்த வட்டத்தை மில்லிமீட்டரில் அளந்துதான் ரிப்போர்ட்டில் 'கேட்கும்', 'கேட்காது' என்று எழுதுகிறோம். மாமாவின் தட்டை நான் பார்க்கவில்லை. ஆனால் அது எப்படி இருந்திருக்கும் என்று தெரியும்: மெரோபெனம் பொட்டின் விளிம்பு வரைக்கும், ஏன் பொட்டை ஒட்டியே, பால் படிந்தது போலக் கிருமி. தட்டில் எங்கேயும் வட்டமே இல்லை. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அப்படி ஒரு தட்டை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்கும். அந்தத் தட்டுக்குப் பின்னால் ஒரு படுக்கை இருக்கிறது, வாசலில் ஒரு குடும்பம் இருக்கிறது.

ஆக மொத்தம் இரண்டு மூன்று நாள். அதுவரை டாக்டர் அனுபவத்தை வைத்து ஊகித்துத்தான் மருந்து கொடுக்கிறார். தாமதம் லேபின் அலட்சியம் என்று யாராவது கோபப்பட்டால் தயவுசெய்து இதைச் சொல்லுங்கள்: கிருமி வளர்ந்தால்தான் அதைப் படிக்க முடியும்.

இப்போது ஐசியுவுக்குள் போவோம். ஆஸ்பத்திரியிலேயே சுத்தமாக இருக்க வேண்டிய இடத்தில் ஏன் இந்தக் கிருமிகள் கூடுகின்றன?

அங்கே படுத்திருப்பவரின் உடம்பில் எத்தனை டியூப் என்று எண்ணிப் பாருங்கள். தொண்டையில் வெண்டிலேட்டர் டியூப், கழுத்து நரம்பில் ஒரு லைன், மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒன்று, யூரின் டியூப். தோலும் சளிச்சவ்வும் நம் வீட்டுச் சுவர் மாதிரி. ஒவ்வொரு டியூபும் அந்தச் சுவரில் போட்ட துளை. உயிர் காப்பாற்றத்தான் துளை போடுகிறோம், வேறு வழியில்லை. ஆனால் டியூபின் மேல் கிருமிகள் பாசிபோலப் படலம் கட்டிக்கொண்டால் மருந்து அதற்குள் சரியாகப் போய்ச் சேராது. இதோடு, அங்கே அநேகமாக எல்லோருக்கும் ஆன்டிபயாட்டிக் போகிறது. குடலில் காலங்காலமாகக் குடியிருந்து கெட்ட கிருமிக்கு இடம் கொடுக்காத நல்ல கிருமிகள் அதில் செத்துப்போகின்றன. களை மருந்தடித்துப் பயிரும் போன வயல் அது. வெளியிலிருந்து வரும் தாங்கும் கிருமி உட்கார்ந்துகொள்கிறது.

அந்தக் கிருமிக்குக் காலும் இல்லை, சிறகும் இல்லை. இந்தப் படுக்கையிலிருந்து அடுத்த படுக்கைக்கு அதை நாம்தான் தூக்கிக்கொண்டு போகிறோம். பெரும்பாலும் கையில்.

ஒரு சிஸ்டரின் பத்து நிமிடத்தை நினைத்துப் பாருங்கள். 4ஆம் படுக்கை நோயாளிக்குச் சளி உறிஞ்சி எடுக்கிறார். பாதியில் 5ஆம் படுக்கையில் மானிட்டர் அலறுகிறது. ஓடிப்போய் பட்டனை அமுக்கி, டியூபைச் சரிசெய்கிறார். கையில் கிளவுஸ் இருக்கிறது, ஆனால் அது 4ஆம் படுக்கையின் கிளவுஸ். கிளவுஸ் அவர் கையைக் காப்பாற்றும். 5ஆம் படுக்கைக்காரரைக் காப்பாற்றாது. இந்தத் தவறை நான் எல்லா இடத்திலும் பார்த்திருக்கிறேன், நல்ல மனசோடு உழைக்கிறவர்களிடமும். ஒரு ஷிப்டில் நாலு வெண்டிலேட்டர் நோயாளியை ஒருவர் தலையில் கட்டினால் கை கழுவ அவருக்கு நேரம் எங்கே? அதனால் சிஸ்டரைத் திட்டுவதில் எனக்குச் சம்மதமில்லை. வெண்டிலேட்டரில் இருக்கும் நோயாளிக்கு ஆளுக்கொரு நர்ஸ் வேண்டும் என்று கேட்பது சம்பளப் பிரச்சினை மட்டுமில்லை, கிருமிப் பிரச்சினையும்கூட.

கைக்கு அடுத்தது சாமான்கள். அசினெட்டோபாக்டர் என்றொரு கிருமி, காய்ந்த கட்டில் கம்பியிலும் மேஜையிலும் வாரக்கணக்கில், சிலசமயம் மாதக்கணக்கில்கூட உயிரோடு கிடக்கும். கிளெப்சியெல்லாவுக்கும் சூடோமோனாஸ் என்ற இன்னொரு கிருமிக்கும் ஈரம் பிடிக்கும். வாஷ்பேசின் குழாயின் கீழ் வளைவில் குடியிருக்கும். கனடாவின் டொரான்டோவில் ஓர் ஆஸ்பத்திரியில், கை கழுவ வைத்த பேசினே சூடோமோனாஸ் பரவக் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். வடிகாலில் ஒளிரும் சாயத்தை ஊற்றிக் குழாயைத் திறந்து பார்த்தபோது, ஒரு மீட்டர் தூரம் வரை தெறித்திருந்தது. பக்கத்தில் மருந்து கலக்கும் மேஜை இருந்தால் என்ன ஆகும்?

'அவுட்பிரேக்' என்ற சொல்லைக் கேட்டதும் கோவிட் மாதிரிக் கூட்டம் கூட்டமாக விழுவார்கள் என்று நினைக்க வேண்டாம். ஐசியுவில் அது சத்தமில்லாமல் வரும். வழக்கத்தைவிட அதிகமாக, ஒரே இடத்தில், ஒரே காலத்தில், ஒரே கிருமி. மூன்று பேர் போதும்.

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஒன்பது நாளில் மூன்று கிளெப்சியெல்லா. தட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றை ஜெராக்ஸ் எடுத்த மாதிரி: அதே மருந்துகள் கேட்கவில்லை, தப்பித்தவறிக் கேட்ட ஒன்றும் மூன்றிலும் அதே மருந்து. படுக்கை எண் 4, 5, அப்புறம் 9. நாலும் அஞ்சும் சரி, பக்கத்துப் பக்கத்துப் படுக்கை. 9 எங்கேயோ மூலையில். சிஸ்டரும் வேறு, டாக்டரும் வேறு. எல்லோரும் குழம்பினோம். தொற்றுக் கட்டுப்பாட்டு சிஸ்டர் மூன்று பேரின் கேஸ் ஷீட்டையும் தரையில் பரப்பி, மணி வாரியாக யார் தொட்டார்கள், எந்த மெஷின் போனது என்று எழுதினார். மூன்று பேருக்கும் பொதுவாக இருந்தது தள்ளுவண்டியில் வரும் ஸ்கேன் மெஷின் ஒன்றுதான். பஞ்சுக்குச்சியால் எல்லாவற்றையும் துடைத்து லேபுக்குக் கொடுத்தார்கள். ஜெல் பாட்டில் வாயிலிருந்து எடுத்த குச்சி மறுநாள் கொழகொழவென்று ரோஸ் நிறத்தில் வளர்ந்தது. ஜெல் தீரத் தீரப் பெரிய கேனிலிருந்து ஊற்றி அதே பாட்டிலை மாதக்கணக்கில் நிரப்பியிருக்கிறார்கள். பாட்டில் அடியில் கிருமி ஊறிக் கிடந்திருக்கிறது. மறுநாளிலிருந்து ஆளுக்கொரு சின்னப் பாக்கெட் ஜெல், ஒவ்வொரு ஸ்கேனுக்கும் பிறகு மெஷின் தலையைத் துடைப்பது என்று மாற்றினார்கள். அதற்குப் பிறகு அந்தத் தட்டு வரவில்லை. மூன்று பேரில் ஒருவர் பிழைக்கவில்லை. அவருக்கு என் மகன் வயதுதான்.

இப்போது வசதி உள்ள இடங்களில் கிருமியின் மரபணுவை முழுசாகப் படித்தே யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று சொல்கிறார்கள். அமெரிக்காவில் மேரிலாண்டின் பெதெஸ்டாவில் உள்ள தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆஸ்பத்திரியில், 2011 ஜூனில் கார்பபெனம் கேட்காத கிளெப்சியெல்லாவோடு ஒரு பெண் சேர்ந்தார். கிருமி இருப்பது முன்னமே தெரியும். தனி அறை, கவுன், கிளவுஸ் எல்லாம் உண்டு. அவர் குணமாகி வீடு திரும்பினார். சில வாரம் கழித்து வேறொரு நோயாளியிடம் அதே கிருமி. மொத்தம் 18 பேருக்குப் பரவி 11 பேர் இறந்தார்கள்; அதில் 6 பேரின் சாவுக்கு இந்தக் கிருமியே காரணம் என்று கணக்கிட்டார்கள். மரபணுவை ஒப்பிட்டபோது, முதல் நோயாளியிடமிருந்தே மூன்று தனித்தனி வழிகளில் கிருமி கிளம்பியிருப்பது தெரிந்தது. நடுவில் சிலர் எந்த அறிகுறியும் இல்லாமல் குடலில் சுமந்துகொண்டிருந்திருக்கிறார்கள். சுத்தம் செய்து வைத்திருந்த ஒரு வெண்டிலேட்டரிலும், பேசின் வடிகாலிலும்கூட அதே கிருமி. உலகத்தில் பணமும் அறிவும் கொட்டிக்கிடக்கும் இடங்களில் ஒன்று அது. அங்கேயே இப்படி என்றால், நம் பக்கத்து ஆஸ்பத்திரியில் வந்துவிட்டது என்பதற்காக மட்டும் அந்த ஆஸ்பத்திரி மோசம் என்று முடிவுகட்டக் கூடாது. வந்ததைக் கண்டுபிடித்தார்களா, மறைக்காமல் சொன்னார்களா, தடுத்தார்களா என்று பாருங்கள்.

சுமப்பது வேறு, நோய் வேறு. குடலிலோ தோலிலோ கிருமி சும்மா இருந்தால் அவருக்கு மருந்து தேவையில்லை. மருந்து கொடுத்தால் இன்னும் சலித்துவிட்டதாகத்தான் ஆகும். ஆனால் அவரிடமிருந்து மற்றவருக்குப் போகலாம். அதனால்தான் ஐசியுவில் சேர்க்கும்போது சில இடங்களில் ஆசனவாயில் பஞ்சுக்குச்சி வைத்துச் சோதிக்கிறார்கள். வீட்டாருக்கு இது சங்கடமாகத் தெரிகிறது, தெரியும். வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

தடுப்பது எப்படி? அதிசய மருந்து எதுவும் இல்லை. வியன்னாவில் 1847இல் செம்மல்வெய்ஸ் என்ற டாக்டர், பிரசவம் பார்க்கும் மாணவர்களைக் குளோரின் நீரில் கை கழுவ வைத்தார். ஏப்ரலில் 100க்கு 18 பேர் என்று செத்துக்கொண்டிருந்த தாய்மார்கள், ஜூனில் 100க்கு 2 பேர் என்று குறைந்தார்கள். இன்றைக்கும் அதேதான்: நோயாளியைத் தொடும் முன்பு, தொட்ட பின்பு, டியூபைக் கையாளும் முன்பு கை சுத்தம். ஸ்பிரிட் கலந்த திரவத்தை 20, 30 விநாடி உள்ளங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், நகநுனி என்று தேய்த்தால் போதும். கட்டைவிரலைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஐசியுக்களில், கழுத்து நரம்பில் லைன் போடும்போது ஐந்தே விஷயங்களை விடாமல் செய்தார்கள். கை கழுவுவது, குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி வைத்துத் தோலைத் துடைப்பது, நோயாளியை முழுத் துணியால் மூடுவது, முடிந்தவரை தொடை நரம்பைத் தவிர்ப்பது, தேவை முடிந்ததும் லைனை எடுத்துவிடுவது. லைன் வழியாக ரத்தத்தில் ஏறும் தொற்று மூன்றில் இரண்டு பங்கு வரை குறைந்தது என்று 2006இல் எழுதினார்கள். இதில் கடைசி விஷயம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. நம் ஆட்கள் டியூப் இருந்தால் கவனிப்பு இருக்கிறது என்று நினைக்கிறோம். எடுக்கக்கூடிய டியூப் ஒரு நாள் கூடுதலாக இருந்தாலும் அது ஒரு நாள் திறந்து கிடந்த கதவு. 'யூரின் டியூப் இன்னும் வேணுங்களா சிஸ்டர்?' என்று தன்மையாகக் கேளுங்கள். நான் அத்தையைக் கேட்க வைத்தேன். அன்று சாயங்காலமே எடுத்தார்கள்.

மருந்தே இல்லையா என்றால், இருக்கிறது, ஆனால் கை நிறைய இல்லை. கொலிஸ்டின் 1940களின் கடைசியில் கண்டுபிடித்த மருந்து. கிட்னியையும் நரம்பையும் பாதிக்கிறது என்று ஓரங்கட்டி வைத்திருந்தார்கள். வேறு வழியில்லாமல் திரும்ப எடுத்தோம். அதையே கோழி மாதிரியான பண்ணை விலங்குகளுக்கு வளர்ச்சிக்காகக் கொடுத்துக்கொண்டிருந்ததை 2019இல்தான் இந்திய அரசு தடை செய்தது. என்.டி.எம். உள்ள கிருமிக்கு இப்போது இரண்டு மருந்தைச் சேர்த்துப் போடுகிறார்கள். அதில் ஒன்றான அஸ்ட்ரியோனமை என்.டி.எம். நொதியால் உடைக்க முடியாது. ஆனால் அதே கிருமியிடம் இருக்கும் வேறு நொதிகள் உடைத்துவிடும். அந்த வேறு நொதிகளின் கையைக் கட்டிப்போட அவிபாக்டம். மாமாவுக்குக் கேட்டது இந்தச் சேர்க்கைதான்.

ஐசியுவில் முடியும் கதை மெடிக்கல் ஷாப்பில் ஆரம்பிக்கிறது. கேரளம் 2018இலேயே இதற்கென்று தனிச் செயல்திட்டம் போட்டது. 2024 தொடக்கத்திலிருந்து 'ஆபரேஷன் அம்ருத்' என்று, சீட்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக் விற்கிறார்களா என்று கடைகளில் சோதனை. இப்போது எங்கள் ஊரில் சீட்டு இல்லாமல் அசித்ரோமைசின் கேட்டால் கடைக்காரர் கையை விரித்துவிடுகிறார். உடனே, 'வேலந்தாவளம் தாண்டினா வாங்கிக்கலாமுங்க' என்று வண்டியை எடுக்கிறவர்களை என் கண்ணால் பார்க்கிறேன். அந்தப் பக்கம் மட்டும் வேறு சட்டமா? மருந்துச் சட்டத்தின் எச்1 அட்டவணை 2014 மார்ச்சிலிருந்து நாடு முழுக்க ஒன்றுதான். அதில் உள்ள ஆன்டிபயாட்டிக்குகளைச் சீட்டைப் பார்த்து, பேரேட்டில் எழுதித்தான் விற்க வேண்டும். கிருமிக்குச் செக்போஸ்ட் கிடையாது. சளிக்கும் வைரல் காய்ச்சலுக்கும் ஆன்டிபயாட்டிக் எந்த வேலையும் செய்யாது. குடலில் இருக்கும் கிருமியைச் சலிக்கும் வேலையை மட்டும் செய்துவிட்டுப் போகும். 2019இல் மட்டும் உலகம் முழுக்க 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் மருந்து கேட்காத பாக்டீரியாவால் நேரடியாக இறந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் தின்ற மாத்திரையும், முகம் தெரியாத யாரோ தின்றதும் சேர்ந்துதான் அந்தத் தொகை.

ஐசியுவுக்குப் பார்க்கப் போகிறவர்களுக்கு, கேரளத்தில் சொல்வதுபோலப் பைஸ்டாண்டர்களுக்கு, நான் சொல்வது கொஞ்சம்தான். உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் கையைத் தேய்த்துக்கொள்ளுங்கள். பக்கத்துக் கட்டில்காரரைப் பாவம் என்று தொட்டு ஆறுதல் சொல்லாதீர்கள், கும்பிட்டுவிட்டு வாருங்கள். விபூதி, தீர்த்தம் எல்லாம் டியூப் பக்கத்தில் வேண்டாம், நெற்றியில் வைக்க வேண்டுமென்றால் சிஸ்டரைக் கேட்டுவிட்டு வையுங்கள். போனைக் கட்டிலில் வைக்காதீர்கள்.

மாமா 34 நாள் கழித்து வீடு திரும்பினார். டிஸ்சார்ஜ் சம்மரியின் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: கார்பபெனம் கேட்காத கிளெப்சியெல்லா. நோய் போய்விட்டாலும் குடலில் அது மாதக்கணக்கில் தங்கலாம். அத்தையை உட்கார வைத்து அந்த வரியைக் காட்டி, மலையாளத்திலும் தமிழிலும் இங்கிலீஷிலும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். எந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தாலும் சேர்க்கிற அன்றைக்கே காட்ட வேண்டும் என்றேன். இதைக் காட்டினால் ஒதுக்கிவைத்துவிடுவார்களோ என்று அவருக்குப் பயம். தனிப் படுக்கை கொடுப்பார்கள், அவ்வளவுதான் அத்தை என்றேன்.

போன மாசம் மாமாவுக்குச் சர்க்கரை இறங்கி, பாலக்காட்டில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ரேஷன் கார்டு, ஆதார் வைத்திருக்கும் பிளாஸ்டிக் கவரிலிருந்து அத்தை அந்தத் தாளை எடுத்துக் காஷுவால்டி சிஸ்டரிடம் நீட்டியிருக்கிறார். அந்தப் பெண் படித்துவிட்டு, போட்டிருந்த கிளவுஸைக் கழற்றி, கையைத் தேய்த்துக்கொண்டு, புது கிளவுஸ் போட்டுக்கொண்டு வந்தாளாம். பிறகு மாமாவை ஓரத்து அறைக்கு மாற்றச் சொன்னாளாம். "அந்தப் புள்ள கட்டைவிரலையும் தேச்சுது அம்மிணி" என்று அத்தை போனில் சொன்னார்.